ஹால்சாண்ட்ஸ்

ஹால்சாண்ட்ஸ் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் கவுண்டியின் தென்கரையில் இருந்த ஒரு சிறிய மீனவர் குடியிருப்பாகும். 1917 ஜனவரியில் வீசிய புயலில் இவ்வூர் அழிந்தது. ஆனால், அந்த அழிவுக்கான காரணம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, கரைக்கு அருகில் கூழாங்கற்களை அள்ளியபோது உருவாகிவிட்டது.

அமைவிடம்

வடக்கே பீசாண்ட்ஸ் என்னும் சிற்றூருக்கும் தெற்கே ஸ்டார்ட் முனைக்கும் இடையில் இவ்வூர் அமைந்திருந்தது. செங்குத்தான பாறைச் சரிவுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த குறுகலான இடத்தில் வீடுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. தென்மேற்குக் காற்றை ஸ்டார்ட் முனை தடுத்தது. கிழக்குக் காற்றுக்கு அத்தகைய மறைப்பு இல்லை. வீடுகளுக்கு முன்பாகப் பரந்து கிடந்த கூழாங்கல் கரையே அலைகளின் வேகத்தைத் தணித்து ஊரைக் காத்தது.

ஊரும் மக்களும்

1506 ஆம் ஆண்டிலேயே இங்கு ஒரு சிற்றாலயம் இருந்தது. 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் ஊர் வளர்ந்தது. 1891 இல் 37 வீடுகளும் 'லண்டன் இன்' என்ற மதுவிடுதியும் இருந்தன, மக்கள்தொகை 159. அருகிலுள்ள ஸ்கெரிஸ் மணல்திட்டுப் பகுதியில் நண்டு பிடிப்பதே முதன்மைத் தொழில்.

கூழாங்கல் அகழ்வு

பிளிமத் நகருக்கு அருகே கீயம் கடற்படைத் தளத்தை விரிவாக்கும் பணிக்கு மணலும் கூழாங்கல்லும் தேவைப்பட்டன. ஒப்பந்ததாரர் சர் ஜான் ஜாக்சன் அரசின் உரிமம் பெற்று, 1897 இல் ஹால்சாண்ட்ஸ் கரைக்கு அப்பால் அவற்றை அள்ளத் தொடங்கினார். நாளொன்றுக்கு 1,600 டன் வரை எடுக்கப்பட்டது. எடுத்த இடத்தைக் கடலே மீண்டும் நிரப்பிவிடும் என்று கருதப்பட்டது. ஆனால், இக்கூழாங்கற்கள் பனியூழிக் காலத்துக்குப் பின் கடல்மட்டம் உயர்ந்தபோது கரையில் சேர்ந்தவை. புதிதாக வந்து சேர்பவை மிகக் குறைவு.

கரை தாழ்வதைக் கண்ட மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். விசாரணை நடத்தப்பட்டும், ஊருக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று கூறி அகழ்வு தொடர அனுமதிக்கப்பட்டது. புயல்களால் சேதம் ஏற்படத் தொடங்கிய பின், 1901 இல் வந்த மற்றோர் ஆய்வாளர் பணியை நிறுத்தப் பரிந்துரைத்தார். 1902 ஜனவரி 8 அன்று உரிமம் நீக்கப்பட்டது. அதற்குள் சுமார் 6,50,000 டன் அள்ளப்பட்டிருந்தது. பின்னர் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டாலும், இழந்த கரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அழிவு

1917 ஜனவரி 26 அன்று, கடுமையான கிழக்குக் காற்றும் வழக்கத்தை மீறிய கடல் ஏற்றமும் ஒருசேர வந்து தடுப்புகளை உடைத்தன. உயிரிழப்பு ஏற்படவில்லை. எனினும், அவ்வாண்டின் இறுதியில் குடியிருக்கத்தக்கதாக ஒரேயொரு வீடே எஞ்சியது. வீடிழந்தவர்கள் இழப்பீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட நேர்ந்தது.

இன்று அங்கு இடிந்த சுவர்கள் காணப்படுகின்றன. கடற்கரை மணலையும் கல்லையும் வெறும் கட்டுமானப் பொருளாகக் கருதி அள்ளுவதன் விளைவுக்கு ஹால்சாண்ட்ஸ் ஓர் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடப்படுகிறது.