கண்டித் தேவாலயங்கள்: கட்டடப் பாணியும் சமூக அடிப்படையும்

கட்டடக்கலை வரலாற்றைப் பாணிகளின் வரலாறாக மட்டும் எழுதுதல் நம்மிடையே நிலவும் வழக்காகும். ஒரு பாணி எக்காலத்தில், எவ்வர்க்கத்தின் தேவைக்காகத் தெரியப்பட்டது என்னும் வினா அங்கு எழுவதில்லை. கண்டி நகரின் இரு அங்கிலிக்கன் தேவாலயங்களை அவ்வினாவை முன்வைத்து நோக்குவோம்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கான உடன்படிக்கை நிறைவேறிய அரச சபாமண்டபமான மகுல் மடுவவிலேயே பின்னர் ஆங்கிலேயரின் வழிபாடும் நடைபெற்றது. 1825இல் ஹீபர் ஆயர் அங்குப் பிரசங்கித்தார்.

1843இல் தொடங்கி 1846இல் நிறைவெய்திய புனித பவுல் தேவாலயம் இந்நிலையை மாற்றிற்று. தலதா மாளிகையின் அயலில் அது செங்கல்லால், கோதிக் பாணியில் எழுந்தது. காலம் கவனத்திற்குரியது. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், கிராமத்தவர் பயன்கொண்ட காடுகளையும் சேனை நிலங்களையும் அரசு உரிமைகோர வழிவகுத்தது. அவை கோப்பித் தோட்டங்களாயின. 1848இல் கிளர்ச்சி வெடித்தது. படையினரும் அதிகாரிகளும் துரைமாரும் வழிபட்ட அக்கட்டடம், ஆட்சியின் நிலைபேற்றை மலைநாட்டவர்க்கு உணர்த்திய சின்னமுமாகும்.

அத்தோட்டங்களில் உழைத்தோர் தமிழகத்திலிருந்து நடந்து வந்த தொழிலாளராவர். அவர்களுக்கென 1854இல் உருவானது ‘தமிழ்க் கூலி மிஷன்’. தோட்டத் துரைமாரின் ஆதரவைப் பெற்ற அம்மிஷன், தோட்டந்தோறும் சென்ற உபதேசிமார் வாயிலாகவே பெரிதும் இயங்கியது. துரைக்குச் செங்கற் கோயில், தொழிலாளிக்கு உபதேசியார். ஒரே திருச்சபைக்குள்ளும் வர்க்க வேறுபாடு இவ்வாறு வடிவங்கொண்டது. மனிதரை அவர்தம் கூலியாற் குறித்த அப்பெயரே போதிய சான்றாம்.

1923இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1935இல் அர்ப்பணிக்கப்பட்ட திரித்துவக் கல்லூரித் தேவாலயம் வேறொரு கட்டத்தைக் காட்டுகிறது. வண. காஸ்டர் வரைந்த அமைப்பில் கோதிக் வளைவுகள் இல்லை. செதுக்கிய கற்றூண்கள் கூரையைத் தாங்க, பக்கங்கள் திறந்திருக்கின்றன. மாதிரியாக அமைந்தவற்றுள் ஒன்று அதே மகுல் மடுவ. டேவிட் பெயின்ரரின் சுவரோவியங்களில் கிறிஸ்து தாடியின்றி, இலங்கை நிலக்காட்சியிடையே தோன்றுகிறார். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசைத் தோற்றுவித்த ஆங்கிலங்கற்ற மத்தியதர வர்க்கத்தின் விழிப்போடு இதனை இணைத்துக் காணலாம். முற்போக்கான மாற்றமே, எனினும் அது தேசியத்தைத் தேடிச் சென்ற இடம் அரச மண்டபம், தொழிலாளியின் லயமன்று.

அத்தேசியத்தின் எல்லை, மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டத்தில் வெளிப்பட்டது. ஆகவே தூணையும் வளைவையும் அளப்பதோடு ஆய்வு அமைதல் ஆகாது. தோட்டச் சிற்றாலயங்களையும் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் நாம் நாடுதல் வேண்டும். கோப்பி ஈட்டிய செல்வத்தைத் தம் உழைப்பால் உருவாக்கியோர் இடம்பெறாதவரை, கண்டித் தேவாலயங்களின் வரலாறு முற்றுப்பெறாது.