காத்திருப்பின் விலை: மலாக்காத் தமிழ்க் குடும்பங்களின் உயர்கல்வித் தெரிவு

புகழ்பெற்ற கல்லூரியில் முழுக் கட்டணம் செலுத்திப் படிப்பதா, புகழில் ஒரு படி குறைந்த கல்லூரி தரும் உபகாரச் சம்பளத்தை ஏற்றுக்கொள்வதா என்னும் கேள்வி மேலைநாட்டுக் கல்விப் பொருளியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. அக்கேள்வி மூன்று அனுமானங்களின்மேல் நிற்கிறது: இரு அழைப்புக் கடிதங்களும் ஏறத்தாழ ஒரே வேளையில் மாணவர் கைக்கு வந்துசேரும், புகழ் கூடக்கூடக் கட்டணமும் கூடும், இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கும் வரை குடும்பத்தால் பொறுத்திருக்க முடியும். மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சிறுநகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இம்மூன்றில் ஒன்றுகூடப் பொருந்துவதில்லை. அக்குடும்பங்கள் தனியார் கல்லூரிக்குச் செலுத்தும் கட்டணத்தின் பெரும்பகுதி புகழுக்காகச் செலுத்தப்படுவதன்று, காத்திருப்பிலிருந்து விடுபடுவதற்காகச் செலுத்தப்படுவது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கல்லூரிப் புகழின் பயனை விளக்கும் கோட்பாடுகளுள் முதன்மையானது, மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த சமிக்ஞைக் கோட்பாடு. வேலை தருபவருக்கு விண்ணப்பதாரரின் உண்மையான திறன் தெரியாத நிலையில், பெறுவதற்குக் கடினமான ஒரு பட்டம் அத்திறனுக்கு அடையாளமாக நின்றுவிடுகிறது என்பது அதன் சாரம். இதைச் சோதித்த ஆய்வுகளுள் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே தரத்துக் கல்லூரிகளில் இடமும் கிடைத்த அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்டபோது, அதிகப் போட்டியுள்ள கல்லூரிக்குச் சென்றவரும் மற்றொன்றுக்குச் சென்றவரும் பிற்காலத்தில் ஏறத்தாழ ஒரே வருமானம் ஈட்டினர். ஆனால் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் புகழ்பெற்ற கல்லூரி கூடுதல் பயன் தந்தது. தந்தையின் நண்பர் வட்டத்திலேயே வேலைக்கு வழி இருக்கும் மாணவனுக்குக் கல்லூரியின் பெயர் இன்னுமொரு பரிந்துரை. அத்தகைய வட்டம் இல்லாதவனுக்கு அதுவே முதற்பரிந்துரை. இம்முடிவை அப்படியே மலாக்காவுக்குக் கொண்டுவந்தால், செம்பனைத் தோட்டத் தொழிலாளியின் மகள் கடன்பட்டேனும் பெரிய இடத்தில் படிக்க வேண்டும் என்ற விடை கிடைக்கும். அவ்விடை தவறானது; மலேசியாவில் பெரிய இடம் எது என்ற வினாவை அது எழுப்பவே இல்லை.

மலேசியாவில் புகழும் விலையும் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகமும் அதற்கு அடுத்த நிலையிலுள்ள பிற பொதுப் பல்கலைக்கழகங்களும் அரசு மானியத்தில் இயங்குவதால் அவற்றின் கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தின் சிறு பகுதியே ஆகும். தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம் 1996இல் இயற்றப்பட்ட பிறகு விரிந்த தனியார் துறை, பெரும்பாலும் பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்களையும் அதற்காகக் காத்திருக்க விரும்பாதவர்களையும் நோக்கியே வளர்ந்தது. மலாக்காவில் இம்மாற்றம் மிகக் குறுகிய காலத்தில் நிகழ்ந்தது. பின்னர் மல்டிமீடியா பல்கலைக்கழகமாகிய தெலிகோம் பல்கலைக்கழகம் 1996இல் அங்கே தொடங்கியது. மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி 1997இல் வந்தது. இன்று மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா என்ற பெயரில் இயங்கும் பொதுப் பல்கலைக்கழகம் 2000இல் நிறுவப்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன் கோலாலம்பூருக்கோ சென்னைக்கோ போனால்தான் கிட்டும் என்றிருந்த பட்டம், பேருந்தில் போய்வரும் தொலைவுக்கு வந்துவிட்டது.

ஆயினும் எந்தக் கதவு எப்போது திறக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிய மாணவரைத் தனியார் கல்லூரிகள், பள்ளி நடத்தும் முன்னோட்டத் தேர்வின் புள்ளிகளை வைத்தே அடிப்படைக் கல்வி வகுப்பில் சேர்த்துக்கொள்கின்றன. பொதுப் பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்புபவர் எஸ்பிஎம் முடிவுக்காகக் காத்திருந்து, பின் மெட்ரிகுலேசன் எனப்படும் ஓராண்டு முன்கல்விக்கு விண்ணப்பித்து விடைக்காகவும் காத்திருக்க வேண்டும். அல்லது ஆறாம் படிவத்தில் ஒன்றரை ஆண்டு படித்து, அதன் இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் எழுதி, அதன் முடிவு வந்தபின் பொதுப் பல்கலைக்கழக நுழைவுப் பிரிவிடம் விண்ணப்பித்து, எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு என்பதை அப்பிரிவு ஒதுக்கித் தரும் வரை பொறுத்திருக்க வேண்டும். விரும்பியது மருத்துவமாக இருக்க, கிடைப்பது கடல் கடந்த சபாவில் உயிரியலாகவும் இருக்கலாம். ஆக, மேசையில் இருப்பவை இரண்டு கடிதங்கள் அல்ல. கையிலுள்ள ஒரு கடிதமும் இன்னும் எழுதப்படாத மற்றொரு கடிதமுமே. தனியார் கல்லூரியின் பதிவுக் கட்டணம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் கட்டப்படுகிறது.

மெட்ரிகுலேசன் வரலாறு இந்த நிச்சயமின்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. கல்விக் கட்டணம் இன்றி, மாத உதவித்தொகையுடன் விடுதியும் தரும் இத்திட்டத்தில் 90 விழுக்காடு இடங்கள் பூமிபுத்ராக்கள் எனப்படும் மலாய்க்காரருக்கும் பூர்வகுடியினருக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்ற பங்கீடு நிலவுகிறது. முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் ஆட்சியில் இந்திய மாணவர்களுக்கென 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2018இல் அது 2,200 ஆனது. 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோது பங்கீடு மாறவில்லை. ஆண்டுதோறும் அமைச்சரவை முடிவையும் அரசியல் காற்றையும் பொறுத்து மாறிய இந்த எண்களை நம்பி எந்தக் குடும்பமும் திட்டமிட்டிருக்க முடியாது. மலாக்கா மெட்ரிகுலேசன் கல்லூரி மஸ்ஜித் தானாவுக்கு அருகே லோண்டாங்கில், இம்மாநிலத்திலேயே அமைந்திருப்பதால் மட்டும் உள்ளூர்த் தமிழ் மாணவருக்கு எந்த உறுதியும் கிடைத்துவிடவில்லை.

2024 ஜூன் மாத இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராகிம், எஸ்பிஎம்மில் 10ஏ அல்லது அதற்கு மேல் பெறும் எந்த இனத்து மாணவருக்கும் மெட்ரிகுலேசன் இடம் உண்டு என அறிவித்தது, இவ்வாதத்தின் நோக்கில் கட்டணச் சலுகை எதையும்விட முக்கியமானது; முதன்முறையாக மாணவர் தம் கடிதத்தை முன்கூட்டியே ஊகிக்க முடிந்தது. அதில் ஒரு நுட்பமும் உண்டு. அறிவியல் பிரிவு மாணவர் வழக்கமாக எடுப்பவை மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, இரு கணிதங்கள், மூன்று அறிவியல்கள் என 9 பாடங்களே. பத்தாவது பாடமாக நிற்பது பெரும்பாலும் தமிழ்மொழி. எல்லா இடைநிலைப் பள்ளிகளிலும் அது கால அட்டவணைக்குள் கற்பிக்கப்படுவதில்லை என்பதால், பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கும் வகுப்பை நம்பியே பலர் அதை எழுதுகின்றனர். தாய்மொழிப் பாடத்தைச் சுமை என்று கைவிடச் சொல்லும் பெற்றோருக்கு, பண்பாட்டு வாதங்கள் சொல்லிக் கேட்காத ஒன்றை இந்தப் பத்து என்ற எண் சொல்லிவிட்டது.

நிச்சயத்தின்மேல் இத்தனை விருப்பம் ஏன் என்பதற்குத் தோட்ட வரலாறு விடை தருகிறது. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பரை முதலில் பயிரிட்ட டான் சாய் யான் அதை 1896இல் தொடங்கிய இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். அடுத்துப் புக்கிட் அசகான் பெருந்தோட்டமாக விரிந்தது. அத்தோட்டங்களில் பால்மரம் சீவ வந்த தமிழருக்கு வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. வேலை போனால் லயத்து வீடும் போகும். ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியதும், நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறியதும், குறுகிய கால அறிவிப்பில் குடிபெயர்ந்த அனுபவத்தைப் பல குடும்பங்களுக்குத் தந்தன. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு சந்தாக்களைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முற்பட்டது இந்த அச்சத்துக்கான பதிலே. அடுத்த ஆண்டைப் பற்றி வேறொருவர் முடிவெடுக்கும் வாழ்க்கையில் இருந்து வந்தவர்கள், பிள்ளையின் அடுத்த ஆண்டு குறித்து வேறொருவர் முடிவெடுக்கக் காத்திருப்பதை வெறுப்பது பகுத்தறிவுக்குப் புறம்பானதன்று. காலனியக் காலத்தில் இத்தெரிவுக்கே இடமில்லை: மலாக்காவும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கென 1885இல் ஏற்பட்ட அரசியார் உபகாரச் சம்பளம் ஆங்கிலப் பள்ளி மாணவருக்கே எட்டியது, தொடக்கக் கல்வியோடு நின்ற தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இருந்து அதற்குப் பாதை இல்லை.

வாங்கிய நிச்சயம் கைகூடியதா என்பது வேறு வினா. மருத்துவப் படிப்பு இதற்கு நல்ல சான்று. மலாக்கா மணிப்பால் கல்லூரியின் திட்டத்தில் மாணவர் தொடக்க ஆண்டுகளை இந்தியாவின் மணிப்பாலிலும் பிற்பகுதியை மலாக்காவிலும் கழித்தனர். பெற்றோரின் ஊழியர் சேமநிதியும் கடனும் இத்தகைய படிப்புகளுக்குச் செலவிடப்பட்டதன் பின்னணியில், பட்டம் பெற்றால் அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணி உறுதி என்ற நம்பிக்கை இருந்தது. பட்டதாரிகள் பெருகவே, 2011இல் புதிய மருத்துவப் படிப்புகளுக்கு அரசு தற்காலிகத் தடை விதித்தது; 2016 இறுதியில் பயிற்சி மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்படலாயினர்; 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நாடளாவிய வெளிநடப்பில் இறங்கினர். கல்லூரி நுழைவில் விலைகொடுத்து நீக்கிய நிச்சயமின்மை, எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பணிநியமனத்தில் திரும்ப வந்தது. ஒப்பந்த முறை, பொதுப் பல்கலைக்கழகத்தில் படித்தவரையும் தனியாரில் படித்தவரையும் ஒன்றாகவே நடத்தியது. கடன் மட்டும் ஒன்றாக இல்லை.

உபகாரச் சம்பளம் என்ற சொல்லுக்குள்ளும் வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருப்பதைக் குடும்பங்கள் பிரித்தறிய வேண்டியுள்ளது. திருப்பித்தர வேண்டாத நன்கொடை ஒரு வகை. பொதுச் சேவைத் துறை வழங்குவது போலப் பணிக்கடப்பாட்டோடு வருவது இன்னொரு வகை. பிணையாளர்கள் கையொப்பமிட வேண்டிய இடத்தில், அத்தகைய வருமானமுள்ள உறவினர் இல்லாத தோட்டக் குடும்பம் தடுமாறுகிறது. 1997இல் தோன்றிய தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பிடிபிடிஎன் தருவது கடன்; முதல் வகுப்பில் தேறுவோருக்கு நிபந்தனைகளுடன் அது தள்ளுபடியாவதால் பலர் அதையும் உபகாரச் சம்பளம்போல எண்ணிவிடுகின்றனர். தனியார் கல்லூரிகள் சிறந்த எஸ்பிஎம் முடிவுக்காகத் தரும் கட்டணக் கழிவோ, ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட சராசரிப் புள்ளியைத் தக்கவைத்தால்தான் தொடரும். இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தில் சறுக்கினால் முழுக் கட்டணமும் குடும்பத்தின் தலையில் விழும் இவ்வகை, மலிவாகத் தோன்றினாலும் மிகுந்த ஆபத்துடையது. முழுக் கட்டணம் என்று முதலிலேயே தெரிந்த கல்லூரியைவிடவும் இது குடும்பத்தைக் கடுமையாகத் தாக்கக்கூடும்.

டேல், குரூகர் முடிவை இப்போது மீண்டும் நோக்கலாம். புகழ் ஏழை மாணவருக்கே கூடுதலாகப் பயன்படும் என்பது மலாக்காவுக்கும் பொருந்துமானால், அப்புகழ் இருக்கும் இடம் பொதுப் பல்கலைக்கழகம். அதற்குப் பங்கீட்டின் கட்டுப்பாடின்றித் திறந்திருக்கும் வழி ஆறாம் படிவம். அரசுப் பள்ளியில், வீட்டிலிருந்து போய்வந்து, ஏறத்தாழச் செலவின்றிப் படிக்கக்கூடிய எஸ்டிபிஎம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சான்றிதழ். கடினமானது, நீண்டது என்ற அதன் பெயர் பொய்யன்று. ஆனால் அதன் உண்மையான குறை பாடத்திட்டத்தில் இல்லை, முடிவில் என்ன கிடைக்கும் என்று எவரும் சொல்லாத அந்த ஒன்றரை ஆண்டில் இருக்கிறது. 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற கல்வி அமைப்புகளின் வெற்றியில் பாடம் நடத்தியதற்கு இருக்கும் பங்கு, இந்த நீண்ட பாதையில் போய்த் திரும்பியவர்களை இளையோர் கண்முன் நிறுத்தியதற்கும் உண்டு.

சமுதாய நிதிகளின் வழக்கம் இந்தக் காத்திருப்பைத் தாங்க உதவுவதற்கு நேர்மாறானது. கோயில் நிர்வாகங்களும் இயக்கங்களும் அறவாரியங்களும் எஸ்பிஎம் முடிவு வந்தபின் மேடையில் ஊக்கத்தொகை வழங்குகின்றன. கடனுதவியோ பல்கலைக்கழக இடம் உறுதியானபின் வருகிறது. முதலாவது வரும்போது தனியார் கல்லூரியில் பதிவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது. இரண்டாவது, ஏற்கெனவே காத்திருக்க முடிந்தவருக்கே போய்ச்சேர்கிறது. ஆறாம் படிவத்தைத் தெரிந்தெடுக்கும் மாணவருக்கு ஒன்றரை ஆண்டுக்கான சிறு மாதத்தொகையும், பொது இடம் கிட்டாவிட்டால் தனியார் கல்லூரியின் முதலாண்டுக் கட்டணத்தை ஏற்போம் என்ற எழுத்துப்பூர்வ உறுதிமொழியும் ஒருசேர அளிக்கப்பட்டால், அவ்வுறுதிமொழியில் பெரும்பகுதி செலவிடப்படாமலேயே நிற்கும். இடம் பெறுபவர்களுக்கு அது தேவைப்படாது.