தலைக்கு இவ்வளவு: கூலிக் கப்பல்களின் மருத்துவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் மருத்துவம் பயின்று, சொந்தமாகத் தொழில் தொடங்கப் பணமோ செல்வாக்கோ இல்லாத இளைஞர்களுக்குக் கடல் ஒரு பிழைப்பு வழியாக இருந்தது. தாமஸ் ஹக்ஸ்லி 1846இல் ராட்டில்ஸ்நேக் என்னும் கடற்படைக் கப்பலில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். ஆர்தர் கோனன் டாய்ல் 1880இல், படிப்பு முடியும் முன்பே, திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் மருத்துவராகச் சென்றார். இவர்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் இந்திய வரலாற்று மாணவர்கள் அறிய வேண்டியவர்கள் வேறொரு வகையினர். கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் ‘சர்ஜன் சூப்பரின்டென்டன்ட்’ என்ற பதவியில் அமர்ந்த மருத்துவர்களே அவர்கள்.

அப்பதவியின் ஊதிய முறை தனித்தன்மை கொண்டது. மாதச் சம்பளம் பெறும் நிலையான வேலையாக அது இருக்கவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் தனி நியமனம். உயிருடன் கரையிறக்கப்படும் ஒவ்வொரு கூலிக்கும் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்ற கணக்கு. பயண அனுபவம் கூடினால் விகிதமும் கூடும். நடுக்கடலில் ஒருவர் இறந்தால், அவருக்குரிய தொகை மருத்துவரின் வருமானத்தில் குறையும்.

இக்கணக்கு கூலிக் கப்பல்களில் பிறந்ததன்று. 1788இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய டோல்பன் சட்டம், அடிமைக் கப்பல்களில் மருத்துவர் இருப்பதைக் கட்டாயமாக்கியது. இறப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மிகாவிடில் தலைவனுக்கு 100 பவுண்டும் மருத்துவருக்கு 50 பவுண்டும் பரிசு என்றது. அதே ஆண்டில், அடிமைக் கப்பல்களில் பணியாற்றி விலகிய மருத்துவர் அலெக்சாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ், அவ்வணிகத்தின் கொடுமைகளை நூலாக எழுதி வெளியிட்டார். 1790இல் ஆஸ்திரேலியா சென்ற இரண்டாம் கைதிக் கப்பல் தொகுதியில் ஒப்பந்ததாரருக்குப் பணம், ஏற்றப்பட்ட கைதிகளின் எண்ணிக்கைப்படி கொடுக்கப்பட்டது. இறங்கியவர் எத்தனை பேர் என்று கேட்பாரில்லை; ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மாண்டார். 1814இல் மூன்று கைதிக் கப்பல்களில் நேர்ந்த சாவுகளை ஆராய்ந்த வில்லியம் ரெட்ஃபெர்ன், கப்பல் முதலாளிக்குக் கட்டுப்படாத, அரசுக்குப் பொறுப்பான மருத்துவர் வேண்டுமென வலியுறுத்தினார். அந்த ரெட்ஃபெர்னே 1797ஆம் ஆண்டின் கடற்படைக் கலகத்துக்காகத் தண்டிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்ட மருத்துவர்தான். சர்ஜன் சூப்பரின்டென்டன்ட் பதவி அவர் பரிந்துரைக்குப் பின் கைதிக் கப்பல்களில் உருப்பெற்றுப் பின்னர் கூலிக் கப்பல்களுக்கு வந்தது.

இந்தியர்களைப் பொறுத்தவரை அதன் தேவை விரைவிலேயே வெளிப்பட்டது. 1838 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து பிரித்தானிய கயானாவுக்குப் புறப்பட்ட ஹெஸ்பெரஸ் கப்பலின் மருத்துவர் தியோபிலஸ் ரிச்மண்டின் நாட்குறிப்பு இன்று அச்சில் கிடைக்கிறது. 1856–57 பருவத்தில் கல்கத்தாவிலிருந்து கரீபியன் சென்ற கப்பல்களில் இறப்பு சராசரியாக நூற்றுக்குப் பதினேழை எட்டியது. 1858இல் டிரினிடாடுக்குச் சென்ற சால்செட் கப்பலில் ஏறிய முந்நூற்றுச் சொச்சம் பேரில் நூற்றுக்கு மேற்பட்டோர் வழியிலேயே இறந்தனர். தலைவன் ஸ்வின்டன் அன்றாடம் எழுதி வைத்த சாவுக் கணக்கை, மறு ஆண்டு அவர் மனைவி நூலாக வெளியிட்டார். வாந்திபேதி, வயிற்றுக்கடுப்பு, தட்டம்மை ஆகியவையே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். சென்னைக் கப்பல்களில் இறப்பு பொதுவாகக் குறைவு. கங்கைக் கழிமுகம் வாந்திபேதியின் தாயகம். ஹூக்ளி ஆற்றில் நாட்கணக்கில் ஊர்ந்து கடலை அடைவதற்குள் நோய் கப்பலுக்குள் குடிபுகுந்துவிடும்.

ஆகவே மருத்துவரின் அதிகாரம் விரிந்தது. உணவு, குடிநீர், தளத்தின் தூய்மை, காற்றோட்டம், பெண்களின் பாதுகாப்பு, ஒழுங்கு மீறியோருக்குரிய தண்டனை அனைத்தும் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே இந்தியக் கம்பவுண்டர்கள், சர்தார்கள், சமையல் செய்யும் பண்டாரிகள், துப்புரவு செய்யும் தோப்பாஸ்கள் பணிபுரிந்தனர். நோயாளியின் மொழியை அறியாத மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே நின்றவர்கள் இவர்களே.

நூற்றாண்டின் பிற்பகுதியில் இறப்பு வெகுவாகக் குறைந்தது. அதில் இம்மருத்துவர்களுக்கும் பங்குண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. எனினும் தலைக்கணக்கு எதைக் காத்தது, எதைக் காணாமல் விட்டது என்ற கேள்வி எஞ்சுகிறது. 1885இல் கயானா நோக்கிச் சென்ற அல்லன்ஷா கப்பலில் மகாராணி என்ற இளம்பெண் இறந்தாள். மாலுமிகள் தன்னைச் சிதைத்ததை அவள் உடன் பயணித்த பெண்களிடம் சொன்னாள், மருத்துவரிடம் சொல்லவில்லை. கப்பல் கரை சேர்ந்தபின் நடந்த விசாரணையில் அப்பெண்கள் அளித்த வாக்குமூலங்களால்தான் அவள் கதை இன்று தெரிய வருகிறது. வெரீன் ஷெப்பர்ட் 2002இல் அவ்வாவணங்களை நூலாகத் தொகுத்தார். பெண்களின் காவலர் எனச் சட்டம் நியமித்தவரை அணுக அப்பெண்ணால் இயலவில்லை என்பதே அந்த ஆவணங்கள் காட்டும் கசப்பான செய்தி.

ஆய்வு மாணவர்களுக்கு இங்கே ஒரு முறையியல் எச்சரிக்கையும் உண்டு. மருத்துவரின் பயணக் குறிப்பேடு நோய் வரலாற்று ஆவணம். அதுவே அவர் தம் ஊதியத்துக்கு முன்வைக்கும் கணக்கும் ஆகும். ஒரு சாவைக் கப்பலின் குறைபாடாக எழுதுவதைவிட, துறைமுகக் கிடங்கில் ஏற்கெனவே நலிந்திருந்தவர் என்று எழுதுவது அவருக்கு ஆதாயம். கரையிறங்கியபின் தோட்டத்தில் நேரும் சாவு அவர் ஏட்டில் இடம்பெறாது. ஆகவே அவர் எண்களைத் தோட்ட மருத்துவமனைப் பதிவுகளோடும், விசாரணைகளில் கூலிகளே அளித்த வாக்குமூலங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

1916 நவம்பரில் ஃபிஜியை அடைந்த சட்லஜ் கப்பலோடு அந்நாட்டுக்கான கூலிக் கப்பல் பயணம் நின்றது; மறு ஆண்டு ஒப்பந்தக் கூலி ஏற்றுமதியே நிறுத்தப்பட்டது. கப்பல் மருத்துவர்களின் பெயர்கள் பல ஆவணங்களில் நிலைத்துள்ளன. அவர்களுக்காக நோயாளியிடம் பேசி, நாடி பார்த்து, மருந்து கலந்த கம்பவுண்டர்களின் பெயர்களைத் தேடியெடுக்கும் பணி இன்னும் மீதமிருக்கிறது.