கொடுத்த கையும் கேட்ட கணக்கும்

பெண் கல்விக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நம் வரலாற்று நூல்கள் நாலைந்து வள்ளல்களின் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்கின்றன. அந்தப் பணத்துக்காக மனு எழுதியவர்கள், ஆய்வாளர் வரும் நாளில் பதிவேட்டைத் தயாராக வைத்தவர்கள், ஒவ்வொரு அணாவுக்கும் கணக்கு ஒப்புவித்தவர்களில் பலர் பெண்கள். மானியம் தனியாக வருவதில்லை, நிபந்தனையோடுதான் வரும். எதை ஏற்றார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது.

1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைதான் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் என்ற முறையை இங்கே கொண்டுவந்தது. மதம் சாராத நல்ல பாடம், பொறுப்பான உள்ளூர் நிர்வாகம், அரசு ஆய்வு, இவற்றோடு கொஞ்சமாவது கட்டணம் வசூலிக்க வேண்டும் என்பதும் விதி. மகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கிய வீடு கட்டணமும் கட்டுமா? 1882இல் அமைந்த ஹன்டர் குழு, பெண் பள்ளிகளுக்கு நிபந்தனைகளைத் தளர்த்தச் சொன்னது. தளர்த்தினாலும் பாடம் நடத்தப் பெண் ஆசிரியர்கள் இல்லை.

சகோதரி சுப்புலட்சுமியின் கதையை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 1886இல் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே கணவனை இழந்து, 1911இல் பட்டம் பெற்றவர். எழும்பூரில் தந்தையின் வீட்டில் நான்கு விதவைச் சிறுமிகளோடு தொடங்கிய விடுதி, பிறகு அரசு ஆதரவில் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போனது. பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் துணைநின்றார். அரசுக்கு விதவைகள்மீது திடீரென்று இரக்கம் பிறந்துவிடவில்லை. அதற்கு ஆசிரியைகள் தேவைப்பட்டார்கள். திருமணப் பொறுப்பு இல்லாத, வீட்டார் 'பாரம்' என்று நினைத்த பெண்கள் அதற்குத் தோதாக இருந்தார்கள். சுப்புலட்சுமி அந்தத் தேவையைப் புரிந்துகொண்டு அதன் மொழியிலேயே பேசினார். இன்று திட்ட முன்மொழிவு எழுதும் எவரும் செய்வது அதைத்தான்.

விலையும் இருந்தது. விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமானது. பொதுப்பணம் சாதிச் சுவருக்குள் செலவானது என்பதை அவருடைய துணிச்சலைப் பாராட்டும்போதும் மறைக்க வேண்டியதில்லை. அரசு ஊழியர் என்பதால் இந்திய மாதர் சங்கத்தில் முறைப்படி உறுப்பினராகவும் அவரால் முடியவில்லை. கூட்டங்களுக்குப் போனார், வேலை செய்தார், உறுப்பினர் பட்டியலில் மட்டும் பெயர் இல்லை.

அதே 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி வேறு வழியில் போனார். தேவதாசி குடும்பத்துப் பெண்கள் மூவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது, சாதிவாரியாக நடந்த விடுதிகள் அவர்களை ஏற்கவில்லை. சொந்த வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930இல் அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. நிதிக்கு முன் ஆள். நிபந்தனையை எழுதியவரும் அவரே.

விடுதலைக்குப் பின் 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. சிறிய மாதர் சங்கங்களும் தில்லிப் பணத்தை நேராகக் கேட்கலாம் என்ற நிலையை அது உண்டாக்கியது. படிப்பை இடையில் விட்ட பெண்களுக்கான சுருக்கப் பாடத்திட்டமும் அதன் வழியாகவே வந்தது. 2022இல் வாரியத்தை மூடினார்கள். பெரிய கூச்சல் ஒன்றும் எழவில்லை.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வருவோம். ஜெயங்கொண்டத்தில் ஒரு மகளிர் குழு அரசு உதவி கேட்டு மனு கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1995 வரை மாவட்டத் தலைநகர் திருச்சி. பிறகு பெரம்பலூர். 2001இல் அரியலூர். 2002இல் மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பரில் மீண்டும் அரியலூர். இந்த ஆண்டுகளில்தான் மகளிர் திட்டத்தின் சுய உதவிக் குழுக்கள் ஊர் ஊராகப் பெருகின. கோப்பு எந்த ஊர் அலுவலகத்தில் இருக்கிறது என்று தேடிப்போகும் பஸ் கட்டணத்தை எந்தத் திட்டமும் செலவுக் கணக்கில் எழுதவில்லை.

கல்லூரிகளின் கதை இன்னும் குறுகலானது. அரியலூரில் 1965இல் அரசு கலைக் கல்லூரி வந்தது. 1980களின் நடுவிலிருந்து தமிழகத்தில் பெருகியவை சுயநிதிக் கல்லூரிகள். பல்கலைக்கழக மானியக் குழுவின் பணம் வேண்டுமானால் 12பி தகுதி வேண்டும். தற்காலிக இணைப்பில் இருக்கும் கல்லூரிக்கு அது கிடையாது. மானியம் இல்லாத இடத்தில் செலவைத் தாங்குவது மாணவியின் கட்டணம். அண்ணன் படிப்புக்கு நிலத்தை அடகு வைக்கும் வீடு, தங்கை படிப்புக்கு யோசிக்கிறது.

தொண்டு நிறுவனங்களுக்கு 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத் திருத்தம் வந்தது. பெரிய அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கத் தடை. நிர்வாகச் செலவுக்கு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. நகரத்து அமைப்பின் வழியாகப் பணம் பெற்ற கிராமத்துச் சங்கத்துக்கு அந்த வழி அடைபட்டது. நிர்வாகச் செலவு என்றால் சொகுசு என்று நினைக்காதீர்கள். கணக்கு எழுதும் பெண்ணின் சம்பளமும் அதில்தான் வருகிறது.

அரியலூருக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அது மண்ணுக்கடியில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லை நம்பி அரசின் டான்செம் ஆலையும் தனியார் சிமென்ட் ஆலைகளும் இங்கே நிற்கின்றன. 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, வரம்புக்கு மேலான நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. பாலின சமத்துவமும் பெண்கள் விடுதியும் அதன் பட்டியலில் உள்ளன. 2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது மாவட்டக் கனிம அறக்கட்டளையும் வந்தது. 2015க்கு முந்தைய குத்தகை என்றால் உரிமத்தொகைக்கு மேல் அதில் 30 சதவீதம், ஏலத்தில் எடுத்த குத்தகை என்றால் 10 சதவீதம் குத்தகைதாரர் கட்ட வேண்டும். அந்த நிதியில் 60 சதவீதமாவது குடிநீர், சுகாதாரம், கல்வி, பெண்கள் குழந்தைகள் நலம் போன்றவற்றுக்குப் போக வேண்டும் என்று அப்போது வகுத்த விதி சொன்னது.

இது யாரும் போடும் பிச்சையில்லை. லாரிப் புழுதியை விழுங்கியவர்களுக்கு, சுரங்கக் குழியால் மேய்ச்சலையும் கிணற்றையும் இழந்தவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. ஆனால் பட்டியலில் 'பெண்கள் நலம்' என்று இருப்பதற்கும், கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து எங்கள் ஊருக்குக் கல்லூரி விடுதி வேண்டும் என்று கேட்பதற்கும் நடுவே வெகுதூரம். அறக்கட்டளை எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு ஒதுக்கியது என்று கேட்டு அரியலூர் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போட 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். விடுதி கேட்கப் போகிறவர்கள் அந்தப் பதிலையும் கையோடு எடுத்துப்போகலாம்.