பழுதும் பராமரிப்பும்: நம்பகப் பொறியியலாளரின் தோற்றம்

ஒவ்வோர் இயந்திர உறுப்புக்கும் ஒரு வயதெல்லை உண்டு. அவ்வெல்லையை அடையுமுன் அதனைக் கழற்றிப் புதுப்பித்தால் பழுது நேராது என்பதே தடுப்புப் பராமரிப்பின் பழைய அடிப்படையாகும். மனித முதுமையை ஒப்பாகக் கொண்டெழுந்த இக்கருத்து எளிதில் உடன்படத்தக்கது; அதனாலேயே அது நெடுங்காலம் சோதிக்கப்படாது நிலைத்தது. நம்பகப் பொறியியலாளர் இன்று தொழிற்றுறையிற் பெற்றுள்ள இடத்தை விளங்கிக்கொள்வதற்கு, இந்நம்பிக்கை தளர்ந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையின் கரையோரப் பிரிவு, நீர்மூழ்கிகளைத் தேடும் விமானங்களை 50 பறப்பு மணித்தியாலங்களுக்கு ஒரு முறை பரிசோதித்து வந்தது. உயிரியலறிஞரான சி. எச். வடிங்டன் பணியாற்றிய ஆய்வுக்குழு அவ்விமானங்களின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்தது. பரிசோதனை முடிந்தவுடனேயே பழுதுகள் மிகுந்து, பின்னர் படிப்படியாகக் குறைந்தமை தெரியவந்தது. பரிசோதனை பயனளித்திருப்பின் இதற்கு மாறானதே நிகழ்ந்திருக்க வேண்டும். செம்மையாக இயங்கிய உறுப்புகளைக் கலைத்தமையே பழுதுக்குக் காரணமாயிற்று. எனினும் வடிங்டனின் நூல் 1973 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

இதனிடையே, 1952 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் இலத்திரனியற் கருவிகளின் நம்பகத்தன்மை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. நம்பகத்தன்மை அளவிடத்தக்கதும், கொள்வனவின்போதே வரையறுக்கத்தக்கதுமான ஓர் இயல்பு என்பதை அக்குழுவின் 1957 ஆம் ஆண்டு அறிக்கை நிலைநாட்டியது.

பெருந் திருப்பம் பொதுமக்கள் விமானப் போக்குவரத்திலேயே ஏற்பட்டது. கால எல்லைகளை இறுக்கியும் சில பழுதுகள் குறையாமையினால், 1960 இல் அமெரிக்க அரசும் விமானக் கம்பனிகளும் இணைந்து ஆய்வினைத் தொடங்கின. அதன் வழிவந்த முறை 1968 இல் போயிங் 747 விமானத்துக்கென வகுக்கப்பட்டது. 1978 இல் யுனைட்டட் எயர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நௌலன், ஹீப் ஆகியோர் எழுதிய அறிக்கை இவ்வனுபவத்தைத் தொகுத்துரைத்தது. ஆராயப்பட்ட விமான உறுப்புகளுள் 89 வீதமானவை வயதெல்லையினாற் பயன்பெறாதவை; 68 வீதமானவை புதிதாயிருக்கும்போதே கூடுதலாகப் பழுதுறுபவை. முதல் 20,000 மணித்தியாலப் பறப்பினுள் பெரும் கட்டமைப்புப் பரிசோதனைகளுக்கு டிசி-8 விமானத்துக்கு 40 இலட்சத்துக்கு மேற்பட்ட மனித மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. அதனிலும் பெரிய 747 க்கு 66,000 மட்டுமே போதுமாயின.

ஆயின் இம்முடிவுகளைக் கவனக்குறைவுக்குக் கிடைத்த அனுமதியெனக் கொள்ளுதல் தவறாகும். சுழலி வட்டுக்கள் போன்று, உடைந்தால் உயிர்ச்சேதம் விளைவிக்கும் உறுப்புகளுக்கு வயதெல்லை தொடர்ந்தும் பேணப்பட்டது. உறுப்பு எப்போது பழுதுறும் என்ற வினாவுக்கு முன்பாக, பழுதுற்றால் விளைவு யாது, பழுது முன்னறிகுறி காட்டுமா என்னும் வினாக்கள் எழுப்பப்பட்டன. அறிகுறி உண்டெனில் கண்காணித்தல். விளைவு சிறிதெனில் பழுதுறும்வரை இயங்கவிடுதல். பாதுகாப்புக்குக் கேடெனினும் பராமரிப்பாற் தடுக்க இயலாதெனில் வடிவமைப்பையே மாற்றுதல் என்பன பொறியியலாளரின் தெரிவுகளாயின. பின்னர் மின்னிலையங்களும் ஆலைகளும் இம்முறையைக் கைக்கொண்டன.

இத்தெரிவுகள் யாவும் பதிவுகளையே நம்பியுள்ளன. ஆனால் கணிதவியலாளர் றெஸ்னிக்கொவ் 1978 இற் சுட்டியவாறு, மிகக் கொடிய பழுதுகளைப் பற்றியே மிகக் குறைவான தரவுகள் கிடைக்கின்றன. அவற்றைத் தடுப்பதே பராமரிப்பின் நோக்கமாதலின், போதிய தரவு சேருமாயின் அதுவே பராமரிப்பின் தோல்வியாகிவிடும். எனவே நம்பகப் பொறியியலாளர் கணக்கை மட்டும் நம்பியிருக்க இயலாது. கிடைத்த சிறு சான்றுகளைக் கொண்டு, நிகழாதவற்றைப் பற்றியும் அவர் பொறுப்புடன் தீர்ப்பளிக்க வேண்டியுள்ளது. இயந்திரத்தைத் தொடுவதற்குப் போலவே தொடாதிருப்பதற்கும் காரணங் கூறவேண்டும் என்பதே இவ்வரலாறு அவர்மீது சுமத்திய கடமையாகும்.