லெப்டொப் ஏன் அடிக்கடி நின்றது? உடனடிக் காரணமும் அடிப்படைக் காரணமும்

எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஒரு லெப்டொப். அதுவும் செகண்ட் ஹேண்ட். கடந்த விடுமுறையில் ஹட்டன் பக்கத் தோட்டங்களில் வயதானவர்களைச் சந்தித்து எடுத்த ஒலிப்பதிவுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, கூடப்பிறந்தவர்களை இந்தியாவுக்கு ரயிலேற்றிவிட்டு இங்கேயே தங்கிவிட்டவர்கள் பேசியவை. பேசியவர்களில் ஒரு அப்பாயி இப்போது உயிரோடு இல்லை. அவர் பேச்சை எழுத்தாக்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில் திரை பட்டென்று கறுத்தது. திரும்பப் போட்டோம், வந்தது. மறுநாளும் அதே கதை. அடுத்த வாரம் ஒரே மாலையில் இரண்டு தடவை.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். “வைரஸா இருக்கும், எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸைப் புதுசா போடுங்க” என்பதுதான் அதிகம் கேட்டது. வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்த வார்த்தை வயிற்றைக் கலக்கியது. ஆவணத்தை எரித்துவிட்டு யாராவது விசாரணை நடத்துவார்களா? முதலில் ஒலிப்பதிவுகள் அத்தனையையும் ஒரு பென்டிரைவிலும் ஒரு நண்பரின் மெஷினிலும் பிரதி எடுத்தோம். பிறகுதான் காரணம் தேடினோம்.

கணினி வரலாற்றில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற கணினி கோளாறு செய்தது. திறந்து பார்த்தால் ஒரு ரிலேக்குள் அந்துப்பூச்சி. ‘பக்’ என்ற சொல் அன்றுதான் பிறந்தது என்பார்கள், அது சரியில்லை. எடிசன் 1878இலேயே இயந்திரக் கோளாறுக்கு அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அங்கே வேலை செய்தவர்கள் பூச்சியைத் தூக்கிப் போடவில்லை. பதிவுப் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, மாலை 3.45 என்று நேரத்தையும் எழுதி வைத்தார்கள். அதனால்தான் இன்றும் அதைப் பற்றிப் பேச முடிகிறது.

நம் லெப்டொப்பும் இப்படி ஒரு பதிவுப் புத்தகம் வைத்திருக்கிறது. விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடினால் வரும். உள்ளே போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு முறை நின்றதற்கும் ‘கேர்னல் பவர் 41’ என்று ஒரு வரி இருந்தது. மெஷின் முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பது மட்டுமே அதன் பொருள். ஏன் நின்றது என்று அது சொல்லாது. ஆனால் உள்ளே ‘பக்செக் கோட்’ என்ற இடத்தில் பூச்சியம் இருந்தது. இது நல்ல தடயம். விண்டோஸுக்குள் பெரிய பிழை வந்தால், தரவு கெடாமல் இருக்க அது தானே நின்று திரையில் ஒரு குறியீட்டைக் காட்டும். 1993இல் வந்த விண்டோஸ் என்டி காலத்திலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது. பூச்சியம் என்றால் அப்படிச் சொல்லக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அப்போது சந்தேகம் சூட்டின் மேலும் கரண்டின் மேலும் போகிறது.

ஹட்டன் குளிரில், மெஷின் தொட்டால் சில்லென்று இருக்கும்போதும் அது நின்றது. ஆகவே சூடு இல்லை. நினைவகச் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டோம், பிழை வரவில்லை. பிறகு ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம்: திகதி, நேரம், இடம், சார்ஜர் குத்தியிருந்ததா. இரண்டு வாரத்தில் ஒழுங்கு தெரிந்தது. எல்லாம் எங்கள் லயத்துக் காம்பராவில், எல்லாம் சார்ஜரில், எல்லாம் மாலை ஆறிலிருந்து எட்டுக்குள். பல்கலைக்கழக விடுதியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பெட்டரி அறிக்கை எடுத்துப் பார்த்தபோது விஷயம் உடைந்தது. தயாரித்தபோது இருந்த கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. பெட்டரி நன்றாக இருந்தால் கரண்டு ஒரு நொடி போய் வந்தாலும் மெஷினுக்குத் தெரியாது. பெட்டரி செத்துவிட்டால் அந்த ஒரு நொடியே போதும். அந்த நொடி எங்கே போனது? இஸ்தோப்பில் இருக்கும் ஒரே ப்ளக்கிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன், அதிலிருந்து இன்னொன்று. வேலைவிட்டு வந்ததும் அம்மா அதில்தான் கேத்தல் போடுவார். வயரிங் தெரிந்த அண்ணன் ப்ளக்கைக் கழற்றிக் காட்டினார்: உள்ளே முனை கருகித் தளர்ந்திருந்தது.

உயர்தரத்தில் உலகப்போர் படிக்கும்போது உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம் என்று பிரித்து எழுதுவோம். இங்கே உடனடிக் காரணம் செத்த பெட்டரியும் கருகிய ப்ளக்கும். அடிப்படைக் காரணம், ஒரு வீட்டின் மொத்தப் பாவனையும் ஒரே ப்ளக்கில் தொங்குவது. அந்தக் காம்பராக்கள் வெள்ளைக்காரன் காலத்தில், கரண்டு என்ற எண்ணமே இல்லாமல் கட்டப்பட்டவை. இத்தனைக்கும் நாட்டின் நீர்மின்சாரம் தொடங்கியது எங்கள் மலைகளில்தான். விமலசுரேந்திர 1918இலேயே அதற்கான திட்டத்தை முன்வைத்தார். லக்ஷபான 1950இல் மின்சாரம் தரத் தொடங்கியது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. அணைக்கு மேலே இருந்த லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளிச்சம் வந்ததோ பல பத்தாண்டுகள் கழித்து. வந்ததும் ஒரு பல்ப், ஒரு ப்ளக் என்ற கணக்கில்தான்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டது ஞாபகம் இருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்றார் அமைச்சர். எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒரு குரங்கு தொட்டால் விழுகிற அளவுக்கு மின்கட்டமைப்பு ஏன் பலவீனமாக இருந்தது என்பதே பெரிய கேள்வி. குரங்கைத் திட்டுவதோடு நிறுத்தினால் அந்தக் கேள்வி காணாமல் போய்விடும்.

புதுப் பெட்டரி போட்டோம். ப்ளக்கை மாற்றினோம். கேத்தலுக்குத் தனி இணைப்பு இழுத்தோம். அதற்குப் பிறகு மெஷின் நிற்கவில்லை. உங்கள் லெப்டொப் நின்றாலும் எதையும் அழிப்பதற்கு முன்னால் பிரதி எடுங்கள், பிறகு ஒரு கொப்பி எடுத்து நேரமும் இடமும் எழுதுங்கள். அப்பாயியின் பேச்சை எழுதி முடித்துவிட்டோம். அடுத்த பதிவில் தருகிறோம்.