செட்டிநாட்டு இல்ல விடுதிகள்

செட்டிநாட்டு இல்ல விடுதிகள் என்பவை, நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளில் பயணிகள் கட்டணம் செலுத்தித் தங்குவதற்கு ஏற்படுத்தப்பட்ட விடுதிகள் ஆகும். இவை புதுக்கோட்டை, சிவகங்கை ஆகிய மாவட்டங்களில் காணப்படுகின்றன. உரிமையாளர் குடும்பமே நடத்துபவை, நிறுவனங்கள் நடத்துபவை என இவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, அயர்லாந்தில் குடும்பத்தினர் தம் வீட்டிலேயே அறையும் காலை உணவும் வழங்கி நடத்தும் விடுதிகளை ஒத்தது.

பின்னணி

நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை முதலிய நாடுகளில் வட்டித்தொழில் செய்து ஈட்டிய பொருளைக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1940கள் வரை இவ்வீடுகளைக் கட்டினர். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடித் தரைக்கற்கள் ஆகியன பயன்படுத்தப்பட்டன. புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு, நச்சாந்துபட்டி முதலிய ஊர்களில் இத்தகைய வீடுகள் உள்ளன.

1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், பின்னர் அந்நாட்டில் நிலங்களும் வங்கிகளும் நாட்டுடைமையாக்கப்பட்டதும் இச்சமூகத்தின் வருவாயைப் பெரிதும் பாதித்தன. குடும்பங்கள் சென்னை முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. பல வீடுகள் திருமணம், படைப்பு போன்ற நிகழ்வுகளுக்கு மட்டுமே திறக்கப்படுகின்றன.

வீட்டமைப்பும் விருந்தினரும்

தெருவிலிருந்து உள்ளே செல்கையில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என வீடு நீள்கிறது. மரபுப்படி வெளியார் முகப்புத் திண்ணையிலேயே வரவேற்கப்பட்டனர். முற்றத்தைச் சுற்றிய வளவு உறவினருக்கும் பெண்களுக்கும் உரியது. வளவின் அறைகள், திருமணமான ஒவ்வோர் இணைக்கும், அதாவது ஒவ்வொரு 'புள்ளி'க்கும், ஒதுக்கப்பட்டன. வெளியூர் செல்லும் நகரத்தார் காசி, இராமேசுவரம், பழனி போன்ற தலங்களில் தம் சமூகத்தார் நிறுவிய நகர விடுதிகளில் தங்கினர். ஆகவே முன்பின் அறியாத ஒருவர் கட்டணம் கொடுத்து வளவில் உறங்குவது, இவ்வீடுகளின் வரலாற்றில் புதிய வழக்கம் எனலாம்.

உணவு

காலை உணவாக இட்லி, தோசை ஆகியவற்றுடன் வெள்ளைப் பணியாரம், மிளகாய்த் துவையல், கந்தரப்பம் முதலியன பரிமாறப்படுவதுண்டு. பர்மாத் தொடர்பால் வந்த கவுனி அரிசி இனிப்பும் இப்பகுதிக்குச் சிறப்பானது.

குறிப்பிடத்தக்க விடுதிகள்

- சிதம்பர விலாஸ்: புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் அருகே கடியாபட்டியில் உள்ளது. சுமார் நூறாண்டு பழமையான இவ்வீடு நிறுவனம் ஒன்றால் புதுப்பிக்கப்பட்டு விடுதியாக்கப்பட்டது.
- பங்களா: காரைக்குடியில் உள்ளது. உரிமையாளர் குடும்பத்தினரே 1990களின் இறுதியில் விடுதியாக மாற்றினர்.
- விசாலம்: கானாடுகாத்தானில் உள்ளது. தந்தை ஒருவர் தம் மகளுக்காகக் கட்டிய வீடு. நிறுவனம் ஒன்றால் நடத்தப்படுகிறது.

பாதுகாப்பும் சிக்கல்களும்

ஒரு வீட்டிற்குப் பல பங்காளிகள் உரிமையாளராக இருப்பர். பழுதுபார்க்கும் செலவைப் பகிர்வதில் உடன்பாடு ஏற்படாதபோது, வீடு பிரிக்கப்பட்டு விற்கப்படுவதுண்டு. அவ்வாறு பிரிக்கப்பட்ட தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. விடுதி வருமானம் ஓடு மாற்றுதல், சுண்ணாம்புப் பூச்சு ஆகிய செலவுகளுக்கு உதவுகிறது. ஆனால் வீட்டை விடுதியாக்குவதற்கும் பங்காளிகள் அனைவரின் இசைவு தேவைப்படுகிறது.

நடுவண் அரசின் சுற்றுலா அமைச்சகம் காலை உணவுடன் கூடிய இல்லத் தங்குமிடங்களை வெள்ளி, தங்கம் என இரு தரங்களாகப் பதிவு செய்யும் திட்டத்தை ஏற்படுத்தியது. ஒன்று முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடலாம் என்பதும், உரிமையாளர் குடும்பத்துடன் அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும் என்பதும் அதன் விதிகளாக அமைந்தன. உரிமையாளர்கள் வெளியூரில் வாழும் செட்டிநாட்டு வீடுகள் பலவற்றுக்கு இவ்விதி பொருந்துவதில்லை. 

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ஆம் ஆண்டு யுனெசுக்கோவின் உலக பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இவற்றையும் பார்க்கவும்

- நாட்டுக்கோட்டை நகரத்தார்
- திருமயம் கோட்டை
- ஆத்தங்குடித் தரைக்கற்கள்